ஹான்ஸ் கழுத்துக் காப்பு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

2001 பிப்ரவரி 18. அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தில் மைக்கேல் வால்ட்ரிப் ஜெயித்தார். 462 பந்தயங்கள் வெறுங்கையோடு திரும்பியவருக்கு 463-வதில் கிடைத்த முதல் வெற்றி. அவருடைய 15-ஆம் எண் காரின் உரிமையாளர் டேல் எர்ன்ஹார்ட், தானும் அதே பந்தயத்தில் ஓட்டிக் கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது, நான்காவது வளைவில் கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார். பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு கோரமான மோதலாகவே தெரியவில்லை. ஆனால் சுவரில் பட்ட கணத்தில் காரின் வேகம் மணிக்கு 42 முதல் 44 மைல் அளவுக்குச் சட்டென்று மாறியது. பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையையும் ஹெல்மெட்டையும் பிடிக்க ஆளில்லை. கழுத்து இழுபட்டு மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. 2000-ல் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் ஓட்டுநர்கள் ஆடம் பெட்டியும் கென்னி இர்வினும் இறந்தது இதே காயத்தால்தான்.

இதைத் தடுக்கும் கருவி அன்றைக்கே விற்பனையில் இருந்தது என்பதுதான் கொடுமை. உயிரியந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநரான மைத்துனர் ஜிம் டவுனிங்கோடு சேர்ந்து 1980-களிலேயே உருவாக்கியது ஹான்ஸ். டேடோனா போன்ற ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு இத்தகைய காப்பைக் கட்டாயமாக்கியது 2001 அக்டோபரில்.

தோளில் உட்காரும் நுகம், பின்கழுத்தில் நிமிர்ந்த காலர், காலரிலிருந்து ஹெல்மெட்டின் இரு பக்கமும் போகும் டெதர் நாடா. கருவி அவ்வளவுதான். நுகத்தின் மேல் தோள் பெல்ட் ஏறி அழுத்துவதால் அது உடம்போடு நகர்கிறது. தலை முன்னால் பாயும்போது நாடா அந்த இழுப்பைக் கழுத்துக்கு விடாமல் தான் வாங்கிக்கொள்கிறது.

கார்பன் ஃபைபருக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். தேவையில்லை. எஸ்எஃப்ஐ 38.1 அல்லது எஃப்ஐஏ 8858 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருந்தால், விலை குறைந்த மாடலும் அதே சோதனையில் தேறியதுதான். கார்பனில் எடை மட்டும் குறையும். மிச்சமாகும் காசை நல்ல சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் போடுங்கள்.

விலையைவிட முக்கியம் கருவியின் சாய்வுக் கோணம். நிமிர்ந்து உட்காரும் ஸ்டாக் காருக்கு (சாதாரணக் காரின் வடிவில் உள்ள பந்தயக் கார்) 20 டிகிரி. சாய்ந்து உட்காரும் ஃபார்முலா காருக்கு (ஒற்றை இருக்கை, திறந்த சக்கரம் கொண்டது) 30. மாற்றி வாங்கினால் காலர் சீட்டில் முட்டும், நுகம் தோளில் சரியாகப் படியாது. அளவு கழுத்துச் சுற்றளவைப் பொறுத்தது. வாங்கும்போது சொந்த ஹெல்மெட்டோடு, சொந்த சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதே சரி. காறை எலும்பு வலிக்கிறது என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். அநேகமாக அளவு தவறியிருக்கும், இல்லையென்றால் அடிப்பஞ்சு தேய்ந்திருக்கும்.

மாட்டும் வரிசை: இடுப்பு பெல்ட் முதலில், வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் தாழ்வாக. பிறகு தோள் பெல்ட்டை நுகத்தின் நடுவில் வைத்து இறுக்க வேண்டும். பின்பக்கம் தோள் பெல்ட் காரோடு பிணையும் பிடிப்பு தோள் மட்டத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது. இரண்டு பிடிப்புகளும் அகலமாக விலகியிருந்தால் மோதலில் பெல்ட் நுகத்தைவிட்டு வழுக்கி விழும். அப்புறம் ஹான்ஸ் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். பெல்ட் கொக்கியையும் ஒரு பார்வை பாருங்கள். பெல்ட்டின் பட்டை கொக்கியின் ஒரு மூலையில் ஒதுங்கிச் சுருண்டால் முழு விசையும் அந்த விளிம்பில் ஏறிக் கிழியும். எர்ன்ஹார்ட்டின் இடது இடுப்பு பெல்ட் கிழிந்ததற்கு விசாரணை அறிக்கை சொன்ன காரணம் இதுவே.

டெதரை மாட்டுவதற்கான எம்6 மரை வைத்தே இன்றைய ஸ்நெல் எஸ்ஏ தரச்சான்று பெற்ற பந்தய ஹெல்மெட்டுகள் வருகின்றன. பழைய ஹெல்மெட்டில் வீட்டு டிரில்லால் ஓட்டை போடும் வேலை வேண்டவே வேண்டாம். டெதரில், காலரில் இடமும் வலமும் நகரும் வகையை எடுங்கள். தலையை இடமும் வலமும் திருப்பிக் கண்ணாடி பார்க்க அதுதான் வசதி. நாடா நைந்தாலோ நிறம் வெளுத்தாலோ மாற்றிவிட வேண்டும். எஸ்எஃப்ஐ முத்திரைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுசான்று தேவை. எஸ்எஃப்ஐ பெல்ட்டுக்கு ஆயுள் 2 ஆண்டுதான்.

குறை ஒன்று உண்டு: பக்கவாட்டு மோதலில் இது தனியாகப் போதாது. தலையின் இருபுறமும் தாங்கும் சீட்டும், வலப்பக்க வலையும் கூடவே வேண்டும்.

இன்னொன்று, ஸ்டாக் காரில் கதவு கிடையாது. ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே காலர் சிக்கும். வாங்கிய அன்றே ஹெல்மெட், ஹான்ஸ் இரண்டும் மாட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து முறை வெளியே வந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.