படகுத் தண்ணீர் பம்ப்: ஸ்விட்ச் வைத்ததா, வேரியபிள் ஸ்பீடா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுக்கமான படகில் குடியிருப்பவருக்குப் பழைய தண்ணீர் பம்ப் மண்டையைப் போட்டதும் வரும் கேள்வி இது. மறுபடியும் பிரஷர் ஸ்விட்ச் (குழாயில் அழுத்தம் இறங்கினால் பம்ப்பை ஓட்டி, ஏறினால் நிறுத்துவது) வைத்த சாதாரண 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப்பையே வாங்கி, கூடவே அக்யூமுலேட்டர் என்ற சின்ன அழுத்தத் தொட்டி ஒன்றை மாட்டிக்கொள்வதா, இல்லை தேவைக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வேரியபிள் ஸ்பீடு பம்ப்புக்குப் போய்விடுவதா? நான் வாங்கியது முதல் வகை. இரண்டாவதை ஒரு நண்பர் படகில் ஒரு குளிர்காலம் பயன்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சொகுசு என்று பார்த்தால் வேரியபிள் ஸ்பீடுக்குத்தான் என் ஓட்டு. குழாயை லேசாகத் திறந்தால் மெதுவாகச் சுழல்கிறது, ஷவரைத் திறந்தால் வேகமெடுக்கிறது, நின்று நின்று அடிக்கும் சத்தமே இல்லை, தனித் தொட்டிக்கு இடம் தேட வேண்டாம். 6 அடி 10 அங்குல அகலப் படகில் அந்த இடம் சும்மா இல்லை. விலை கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் நான் பார்த்தது வேறு: தண்ணீர் நின்றுபோனால் எங்கே கோளாறு என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? நிரந்தரத் துறை இல்லாத படகு பொதுவாக 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கக் கூடாது. போன மாதம் தெரிந்த மெக்கானிக் இந்த மாதம் பல லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) தாண்டி இருப்பார், கால்வாயில் வேக வரம்போ மணிக்கு 4 மைல். அதனால் பழுதை நாமேதான் பிடிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் தலையில் சோப்பு நுரையோடு.

ஸ்விட்ச் பம்ப்பில் இதற்கு ஒரு மல்ட்டிமீட்டரும் சின்ன வயர்த் துண்டும் போதும். குழாயைத் திறந்தும் பம்ப் ஓடவில்லையா, முதலில் ஃபியூஸ், அப்புறம் பம்ப்புக்கு வரும் வயரில் வோல்டேஜ். வோல்டேஜ் இருந்தும் ஓடாவிட்டால் பிரஷர் ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளையும் வயர்த் துண்டால் ஒரு கணம் இணைத்துப் பாருங்கள். ஓடினால் மோட்டார் நல்லது, ஸ்விட்ச்தான் போயிற்று. பல மாடல்களில் ஸ்விட்ச் தனியாகக் கிடைக்கிறது, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. மூடியைத் திறந்தால் கான்டாக்ட் கருத்துக் குழி விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். புது ஸ்விட்ச் வரும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து ஓட்டலாம்.

குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது ராத்திரியில் பம்ப் திடீரென்று இரண்டு நொடி துடித்து நின்றால்? அழுத்தம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பம்ப்பை அடுத்து, குழாய்களுக்குப் போகும் வழியில் உள்ள வால்வை மூடிப் பாருங்கள். மூடியும் துடித்தால் பம்ப்புக்குள் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது, பெரும்பாலும் ஒரு துளி மணல் அல்லது டேங்க் பெயின்ட் செதில் மாட்டியிருக்கும். மூடியதும் அடங்கிவிட்டால் கசிவு அந்தப் பக்கம்: ஷவர் இணைப்பு, இல்லாவிட்டால் என்ஜின் சூட்டில் தண்ணீர் காயும் கலோரிஃபையரின் பாதுகாப்பு வால்வு.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் டேங்க் காலியா என்று பார்த்துவிட்டு, பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரின் (தூசி வடிகட்டி) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்றை இழுக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லை கிளிப் தளர்ந்திருக்கும். இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் பம்ப் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, அதனால்தான் ஆட்கள் நாள் கணக்காக வேறு இடத்தில் தேடுகிறார்கள்.

குமிழியும் இல்லை என்றால் வோல்டேஜ். 50 அடிப் படகில் பேட்டரி பின்னால், தண்ணீர் டேங்கும் பம்ப்பும் முன்னால். போக வர 30 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 7 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். பம்ப் தள்ளாடிக்கொண்டே ஓடும், ஸ்விட்ச்சை அணைக்கும் அழுத்தத்தைத் தொடாது. 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. மீட்டரை பம்ப் ஓடும்போதே வைக்க வேண்டும், நிற்கும்போது எல்லாம் 12.5 என்றுதான் காட்டும்.

வேரியபிள் ஸ்பீடில் குழாய்வழிச் சோதனைகள் இதேதான். சிக்கல் மின்சாரப் பக்கத்தில். வோல்டேஜ் வருகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் சென்சாரா, சர்க்யூட் போர்டா, மோட்டாரா? நடுவில் பிசின் ஊற்றி மூடிய பெட்டி இருக்கிறது, இணைத்துப் பார்க்க இரண்டு முனை இல்லை. போர்டைத் தனியாக விற்காத மாடல் என்றால் முழு பம்ப்பையும் மாற்ற வேண்டியதுதான். நண்பர் படகில் பேட்டரி இறங்கிய காலைகளில் அது திக்கித் திக்கி ஓடியது. அது போர்டின் குணமா அந்தப் படகின் வயரிங்கா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. மாறுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்த வகைக்கு அக்யூமுலேட்டர் வேண்டாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. பழையதைக் கழற்றாமல் விட்டால் சென்சார் குழம்பிப் பம்ப் ஏறி இறங்கலாம்.

என் பக்கமும் வேலை இல்லாமல் இல்லை. அக்யூமுலேட்டர் என்பது உள்ளே ரப்பர் தடுப்பு வைத்த காற்றுத் தொட்டி. அதன் காற்று மெல்ல மெல்ல இறங்கும், இறங்கினால் பம்ப் பழையபடி நொடிக்கு நொடி அடித்து ஸ்விட்ச்சைத் தின்றுவிடும். பம்ப்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, சைக்கிள் பம்ப்பால் அடிக்க வேண்டும். அளவு, பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 2 பி.எஸ்.ஐ. கீழே. 15-இல் ஓடி 30-இல் நிற்கும் பம்ப் என்றால் 13. காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. 8 லிட்டர் தொட்டி என்று எழுதியிருந்தாலும் பம்ப் ஓடாமல் கிடைப்பது சுமார் இரண்டரை லிட்டர்தான். 2 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர் சொச்சம், ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பக்கத்துப் படகை எழுப்பாமல் இருக்க அதுவே போதும்.

உடனடி கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அக்யூமுலேட்டர் இல்லாமல் ஸ்விட்ச் பம்ப் மாட்டவே வேண்டாம். ஓட்டம் விட்டு விட்டு வந்தால் ஹீட்டரின் தீ அணைந்து அணைந்து எரியும், ஷவரில் சுடுதண்ணீரும் பனித்தண்ணீரும் மாறி மாறி விழும். புதுப் படகு, தடிமனான வயர், துறையிலேயே கட்டிக் கிடக்கிறது, கூப்பிட்டால் ஆள் வருவார் என்றால் வேரியபிள் ஸ்பீடை வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பம்ப் மாட்டினாலும் உறைபனி நாளில் படகைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், குழாய்களைத் திறந்து வைத்து பம்ப்பிலும் ஸ்ட்ரெய்னரிலும் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். முதலில் விரிசல் விடுவது அந்த ஸ்ட்ரெய்னர் கிண்ணம்தான், கடைக்காரர்கள் ஜனவரியில் அதைத்தான் அதிகம் விற்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.