ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வயதை யாரிடம் கேட்பது?

1960களின் ஃபெண்டர் நிறுவன ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று ஒரு மின்கிட்டார் விற்பனைக்கு வந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்பது சீரியல் எண்ணைத்தான். விற்பவரும் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பிவிடுவார். இருக்கும் மூன்று சாட்சிகளில் எளிதில் விலைபோகும் சாட்சி அது.

1976 வரை அந்த எண், கழுத்தை உடலோடு சேர்த்துப் பிடிக்கும் தகட்டில்தான் பொறிக்கப்பட்டது. நான்கு திருகுகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். பழைய தகடுகள் தனியாகவும் விலைக்குக் கிடைக்கின்றன. தொழிற்சாலையிலும் அவற்றை எண் வரிசைப்படி மாட்டவில்லை, பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார்கள். ஆகவே அசலான கிட்டாரில்கூட இந்த எண்ணை வைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

கழுத்தின் அடியில் உள்ள தேதி இதைவிட மேல். 1962 முதல் அங்கே மை முத்திரை இருக்கும்: ‘2 ஜூலை 64 பி’ என்பதுபோல. இதை ஜூலை இரண்டாம் தேதி என்று படித்து மகிழ்பவர்கள் ஏராளம். அந்த 2 மாடலின் குறியீடு; ‘பி’ என்பது கழுத்தின் அகலம். ஆனால் இது கழுத்துக்கு மட்டுமான பிறப்புச் சான்றிதழ், உடல் வேறொரு கிட்டாருடையதாக இருக்கலாம். அதோடு, தேதியைப் பார்க்கக் கழுத்தைக் கழற்ற வேண்டும்; அடிக்கடி கழற்றினால் மரத்தில் திருகு பிடிமானம் தளர்ந்துவிடும் என்று விற்பவர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு.

என் ஓட்டு மூன்றாவது சாட்சிக்கு. முன்பக்க பிளாஸ்டிக் தகட்டின் 11 திருகுகளைக் கழற்றித் திருப்பினால், வால்யூமுக்கு ஒன்றும் டோனுக்கு இரண்டுமாக மூன்று பொட்டென்ஷியோமீட்டர்கள் (திருகு குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்பாகங்கள்) தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவற்றின் உலோகக் கூட்டில் 1376633 போன்ற எண் இருக்கும். 137 என்பது அதைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966ஆம் ஆண்டு, 33 என்பது அந்த ஆண்டின் 33ஆவது வாரம். தொடக்கத்தில் 304 இருந்தால் ஸ்டாக்போல் தயாரிப்பு. சில சமயம் கம்பியைப் பற்றவைத்த ஈயம் வழிந்து பாதி எண்ணை மறைத்திருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணைவிட அந்த ஈயப்பற்றுதான் அதிகம் பேசும். அறுபதாண்டு ஈயம் மங்கிப் போயிருக்கும், துணி சுற்றிய கம்பிகளில் புதிதாகச் சுட்ட தடம் இருக்காது. பளபளப்பாக இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்தவராகவும் இருக்கலாம், பழசாக்கி விற்பவராகவும் இருக்கலாம்.

இந்தச் சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. அந்த வாரத்துக்கு முன்பு கிட்டார் முடிந்திருக்காது என்பதைத்தான் அது சொல்லும், எப்போது முடிந்தது என்பதைச் சொல்லாது. 1965இல் ஃபெண்டரை வாங்கிய அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ், 1966ஆம் ஆண்டுப் பொட்டென்ஷியோமீட்டர்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, அந்தப் பத்தாண்டின் கடைசிவரை மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் 1968 கிட்டாரில் மூன்றிலும் 66 இருந்தால் பதற வேண்டாம். 1964 என்று சொல்லப்படும் கிட்டாரில், தொடப்படாத ஈயத்தோடு 66 இருந்தால், திருகுகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.