கேரவனில் ஒரு நாள் ஏரிக்கரை: கேஆர்எஸ்ஸா, வாணி விலாசமா, மேட்டூரா?

பெங்களூரில் இப்போது கேரவன் வாடகைக்குக் கிடைக்கிறது. சினிமாக்காரர்கள் மட்டும் ஏறி உட்கார்ந்திருந்த வண்டியில் நம் வீட்டுப் பாட்டியும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். அப்படிக் கிளம்புகிறவர்கள் நடுவில் ஒரு நாளைப் பெரிய நீர்ப்பரப்பு ஒன்றுக்கு ஒதுக்க நினைத்தால், இந்த மூன்று அணைகளும்தான் பேச்சில் அடிபடும். கொள்ளளவில் மேட்டூர் 93.47 டிஎம்சி, மைசூர் பக்கத்து கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) 49.45, வாணி விலாச சாகர் சுமார் 30. ஆனால் இந்த வரிசை நமக்கு உதவாது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

அதில் முதலில் அடிபட்டுப் போவது கேஆர்எஸ். 2023-ல் பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை திறந்தபிறகு பயணம் சுகம்தான் (பிடதி தட்டு இட்லிக்கும் மத்தூர் வடைக்கும் சர்வீஸ் ரோட்டில் இறங்க மறக்காதீர்கள்). ஆனால் பிருந்தாவன் தோட்டம் அணைக்குக் கீழே இருக்கிறது. அங்கே நின்றால் தெரிவது அணையின் சுவர். மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால் பொதுமக்களை விடுவதில்லை. தண்ணீரைப் பார்க்க ஹொச கன்னம்பாடிப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். அணை கட்டியபோது மூழ்கிய வேணுகோபால சுவாமி கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து அந்தக் கரையில் எழுப்பியிருக்கிறார்கள். இடம் அழகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் அப்படியே. மாலையில் இசை நீரூற்று பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மட்டும் நான் கேஆர்எஸ் சொல்வேன்.

தண்ணீர் நிறைந்திருக்கிற நாளில் என் ஓட்டு வாணி விலாச சாகருக்கு. தும்கூர், சிரா வழியாக ஹிரியூர், அங்கிருந்து கிளைச்சாலை. போகிற வழியில் கியாத்சந்திராவில் காலை டிபன். வேதாவதி ஆற்றை இரண்டு மலைகளுக்கு நடுவே மறித்து 1907-ல் கட்டி முடித்த அணை. கர்நாடகத்தின் மிகப் பழைய அணைகளில் ஒன்று. 1933-க்குப் பிறகு அது நிரம்பி வழிந்தது 2022-ல்தான் என்றால், நிறைந்த ஏரியைப் பார்ப்பது எவ்வளவு அபூர்வமாக இருந்தது என்று புரியும். சுற்றிலும் வறண்ட சித்ரதுர்கா மண், நடுவில் மலைகளுக்குள் கை கையாக நுழைந்து கிடக்கும் நீலம். குறை என்றால் நிழல் குறைவு, கடைகளும் குறைவு. ஏசியை வெறும் பேட்டரியில் நாள் முழுக்க ஓட்ட முடியாது, அதனால் மதியச் சூட்டை யோசித்து டிசம்பர், ஜனவரியில் போங்கள். தண்ணீர்த் தொட்டியை ஹிரியூர் தாண்டுவதற்குள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மேட்டூர் கதை வேறு. நீர் வற்றினால்தான் அதற்கு இன்னொரு அழகு. 1934 முதல் ஏரிக்குள் கிடக்கும் பழைய ஊர்களின் மிச்சம், மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடி பரிசல்துறைப் பக்கம் தலைகாட்டும்: முதலில் கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம், இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. நீர்மட்டத்தைத் தமிழ் நாளிதழ்கள் தினமும் போடுகின்றன, பார்த்துவிட்டுக் கிளம்பலாம். வெடித்துக் காய்ந்த ஏரிப்படுகை கெட்டித் தரை மாதிரி தெரியும். மேல்பொருக்குக்கு அடியில் சேறு. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை அதில் இறக்கினால் டிராக்டர் தேடி அலைய வேண்டியதுதான். கரைமேலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கை மட்டும் நம்பாமல் இறங்க வேண்டும். லாரிகள் கட்டுப்பாடு இழப்பதற்குப் பேர்போன இடம் அது. கர்நாடகப் பதிவு வண்டி என்பதால் தமிழ்நாட்டுக்குள் ஓட்டப் பர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். போகவரச் சாலையிலேயே பாதி நாள் கழிந்துவிடும், அதனால் இரவு அந்தப் பக்கமே தங்குகிற மாதிரி திட்டமிருந்தால்தான் மேட்டூர் சரிப்படும்.

அப்புறம், மீன். மேட்டூர் வரை போய் அணை மீன் சாப்பிடாமல் திரும்புகிறவர்கள் யாருமில்லை. கடையிலேயே பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். வண்டிக்குள் அடுப்பு இருக்கிறதே என்று ஆரம்பித்தால் வாடை மெத்தையில் ஏறிவிடும், டெபாசிட்டில் கை வைப்பார்கள்.