கான்பெராவில் ஆசிய-பசிபிக் பண்பாட்டுப் புலத்தின் பொது நிகழ்வுகள்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

கான்பெராவுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் விடாமல் பயன்படுத்திவரும் பொதுச் சேவைகள் இரண்டு. ஒன்று பேட்டை நூலகம். மற்றொன்று, ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பண்பாடு, வரலாறு, மொழி ஆகியவற்றுக்கென உள்ள பள்ளி நடத்தும் கருத்தரங்குகளும் உரைகளும். பள்ளி என்று அவர்கள் சொல்வதை நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வழக்கில் புலம் என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன். நிகழ்வுகள் பெரும்பாலும் இலவசம், முன்பதிவு செய்தால் போதும், யாரும் உங்களிடம் பட்டம் என்ன என்று கேட்பதில்லை. இத்தனை எளிதாகக் கிடைப்பதாலேயே இதன் மதிப்பு பலருக்கும், குறிப்பாக இங்கே வாழும் நம்மவர்களுக்கு, தெரியாமல் போகிறது என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பல்கலைக்கழகம் 1946இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானபோது, தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்ட நான்கு ஆய்வுப் பள்ளிகளில் ஒன்று பசிபிக் ஆய்வுக்கானது. மருத்துவம், இயற்பியல் அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்குச் சமமாகப் பக்கத்துத் தீவுகளையும் நாடுகளையும் அறிவதும் ஒரு தேசியத் தேவை என்று இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டில் இருந்த அரசு கருதியது. இப்போதைய புலம் அந்த மரபின் வாரிசு. இதன் அறைகள் பலவும் 1964இல் எழுந்த கூம்ப்ஸ் கட்டடத்தில் உள்ளன. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநரும் பின்னாளில் இப்பல்கலைக்கழகத்தின் வேந்தருமான எச்.சி. கூம்ப்ஸின் பெயர் தாங்கிய கட்டடம் அது. அறுகோணங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்த அமைப்பு. ஒவ்வொரு நடைகூடமும் சிறிது தூரம் சென்றதும் சாய்வாகத் திரும்பிவிடும். நேர்க்கோட்டில் நடந்து பழகியவர்கள் முதல் தடவை வழி தவறுவது இந்த ஊரில் அனைவரும் அறிந்த சங்கதி என்பதால், நிகழ்வு தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பாகவே போய்விடுவது நல்லது.

நிகழ்வு அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்துவந்தால் அவற்றில் இரண்டு வகை இருப்பது புலப்படும். பெரிய அரங்கில் பெயர் பெற்றவர் ஒருவர் ஆற்றும் பேருரை ஒரு வகை. 1932 முதல் நடந்துவரும் மாரிசன் நினைவுச் சொற்பொழிவு இவற்றுள் மூத்தது. அது சீனாவைப் பற்றியது, இதே வளாகத்திலுள்ள சீன ஆய்வு மையம் நடத்துவது. மற்றொரு வகை, துறைக் கருத்தரங்கு. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் களப்பணியை முடித்துத் திரும்பி வந்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் எல்லோர் முன்னிலையிலும் பேசுவார். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் முதன்மையான பரிந்துரை. பேருரையில் கேட்பது பெரும்பாலும் அவர் எழுதிய நூலில் ஏற்கெனவே இருக்கும். சிறு கருத்தரங்கில் கேட்பதோ வேறெங்கும் அச்சேறியிராதது, இன்னும் ஈரம் காயாதது. பேசுபவரின் வழிகாட்டியே எழுந்து, "இந்த இடத்தில் உங்கள் சான்று போதவில்லையே" என்று கேட்பார். மாணவர் சற்று நேரம் யோசித்து, தமக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்வார். அறிவு உருவாகும் இடத்தில் நாமும் அமர்ந்திருக்கிறோம் என்ற உணர்வை எந்தப் பேருரையும் எனக்குத் தந்ததில்லை. ஒவ்வொரு நிகழ்வும் இந்த மண்ணின் தொல்குடிகளான ஙன்னவால், ஙம்பிரி மக்களை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது. சிலர் அதைச் சடங்காகக் கருதலாம். அழிந்துவரும் மொழிகளைப் பற்றிய பேச்சுக்கு முன்பாக அதைக் கேட்கும்போது எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஒரு பிற்பகலை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிஜித் தீவின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய உரை அது. பேசியவர் திரையில் ஒரு குடியேற்றச் சீட்டைக் காட்டினார். அச்சிட்ட படிவத்தில், மசி மங்கிய கையெழுத்தில், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உயரம் என்று வரிசையாக நிரப்பப்பட்டிருந்தது. அதற்கும் கீழே உடலிலுள்ள அடையாளங்களுக்கென ஒரு வரி. இடது முழங்காலுக்குக் கீழ் ஒரு தழும்பு என்று யாரோ ஓர் எழுத்தர் குறித்துவைத்திருந்தார். கடலில் இறந்தாலும் தோட்டத்திலிருந்து ஓடினாலும் ஆளைக் கண்டுபிடிக்க அரசுக்கு அந்தத் தழும்பு தேவைப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றி எஞ்சியிருப்பதும் அந்தத் தழும்புதான். அறையில் இருந்த எல்லோரும் சில நொடிகள் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1879 மே மாதம் லியோனிடாஸ் என்ற கப்பலில் தொடங்கி 1916 வரை சுமார் 60,000 பேர் இந்தியாவிலிருந்து பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஐந்தாண்டு உழைப்புக்கான அந்த ஒப்பந்தம், அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல் நாவில் திரிந்து, கிர்மித் ஆனது. தொடக்கத்தில் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து மட்டுமே சென்றன. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டன. அப்படிச் சென்ற தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பாரதி கண்ணீரோடு பாடிய கரும்புத் தோட்டம் இதுதான். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 1926இல் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகளை நடத்துகிறது. நாடி நகரில் சிவ சுப்பிரமணிய சுவாமிக்குக் கோபுரத்துடன் கோயிலும் உண்டு.

இந்தச் சீட்டுகளை வரலாற்றுச் சான்றாக மாற்றியவர் இதே பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் பிரிஜ் லால். பிஜியில் லம்பாசாவை அடுத்த தபியா என்ற சிற்றூரில், ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் பேரனாக 1952இல் பிறந்தவர். 2021 டிசம்பரில் மறைந்தார். கல்கத்தாவிலிருந்து சென்ற வட இந்தியர்களின் 45,439 சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, யார் போனார்கள், எந்த மாவட்டத்திலிருந்து போனார்கள், அவர்கள் சொல்லப்பட்டதுபோல் கடைநிலைச் சாதியினர் மட்டும்தானா என்று ஆராய்ந்தார். கிராமப்புற இந்தியாவின் எல்லாத் தட்டுகளிலிருந்தும் மக்கள் சென்றிருக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டியது. அன்றைய உரையைக் கேட்டபோது என் மனத்தில் எழுந்த கேள்வி, சென்னையிலிருந்து போனவர்களின் சீட்டுகளுக்கு அதே அளவு பொறுமையோடு யார் உட்காரப்போகிறார்கள் என்பதுதான். வடக்கிலிருந்து சென்றவர்களின் கதைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பகுதிகூடத் தெற்கின் கதைக்குக் கிடைக்கவில்லை. வட ஆற்காட்டு ஊர்ப்பெயரைப் படித்த மாத்திரத்தில் இனம்காணக்கூடியவர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இத்தகைய கருத்தரங்கில் வந்து அமர்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

நிகழ்வோடு நின்றுவிடாதீர்கள் என்பது அடுத்த பரிந்துரை. இந்தப் புலத்தின் அறிவிப்புகளுக்குப் பின்னால் பெரும் சேகரங்கள் இருக்கின்றன; உரையில் ஒரு பெயர் காதில் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அன்றிரவே அவற்றுக்குள் நுழைந்துவிடலாம். 1968இல் தொடங்கிய பசிபிக் சுவடிப் பணியகம், தீவுகளில் செல்லரித்தும் புயலில் நனைந்தும் அழியக்கூடிய மடல்களையும் நாட்குறிப்புகளையும் திருச்சபைப் பதிவேடுகளையும் நுண்படச்சுருளில் படியெடுத்துக் காத்துவருகிறது. பப்புவா நியூ கினி முதல் டோங்கா வரையிலான வரைபடங்களைப் பல்கலைக்கழகத்தின் நிலப்படப் பிரிவு இலவசமாகத் தருகிறது. ஆசிரியர்களுக்கு அவை மிகப் பயன்படும்.

பாரடிசெக் என்ற ஒலிக் காப்பகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிட்னி, மெல்பர்ன் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2003இல் தொடங்கப்பட்ட இதில் 1,300க்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகள் உள்ளன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் காந்த நாடாவில் பதிந்து, பிறகு வீட்டுப் பரணிலோ அலுவலக அலமாரியிலோ விட்டுச்சென்றவற்றைத் தேடியெடுத்து, பூஞ்சை துடைத்து, எண்ணிம வடிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் பதிவுசெய்தவரின் பெயர் முதலெழுத்துகளே குறியீடு. பதிவு செய்துகொண்டு, நிபந்தனைகளை ஏற்றால் பலவற்றைக் கேட்கலாம். சிலவற்றை அந்தந்தச் சமூகத்தார் வெளியார் கேட்கலாகாது என்று அடைத்துவைத்திருக்கிறார்கள். அதை மதிப்பதும் இந்தச் சேவையின் தரத்துக்கு ஒரு சான்று என்றே நான் கொள்கிறேன். வனுவாட்டு மொழி ஒன்றைப் பற்றிய கருத்தரங்கைக் கேட்டுவிட்டு, அன்றிரவு அந்தத் தீவுக் கூட்டத்தின் பழைய பதிவு ஒன்றைத் திறந்தேன். கதை சொல்லும் ஒரு மூதாட்டியின் குரல், அவருக்குப் பின்னால் சேவல் கூவும் ஓசை, நடுவே ஒரு குழந்தையின் இருமல். ஒரு சொல்லும் புரியவில்லை. இருந்தும் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நூல்களும் அப்படித்தான். பல்கலைக்கழக அச்சகம் 2003 முதல் தன் நூல்களை இலவசமாகப் பதிவிறக்கத் தந்துவருகிறது. பப்புவா நியூ கினி மலைநாட்டில் குக் என்ற சதுப்பு நிலத்தில் பேராசிரியர் ஜாக் கோல்சனும் குழுவினரும் 1970களில் தோண்டிக் கண்ட வடிகால்களும் மேட்டுப்பாத்திகளும், அங்கே ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் தாமாகவே வேளாண்மையைக் கண்டறிந்தார்கள் என்பதை உலகுக்கு உணர்த்தின. 2008இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சேப்பங்கிழங்கும் வாழையும் நமக்கு அன்றாட உணவாக இருக்க, அவற்றின் தொன்மையைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் ஆய்வறிக்கை 2017இல் வெளிவந்து, காசில்லாமல் கிடைப்பதைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது.

குறைகள் இல்லையா என்று கேட்டால், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தப் புலத்தின் கவனம் பசிபிக் தீவுகளிலும் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலும்தான் குவிகிறது. இந்திய வரலாற்றறிஞர் ஏ.எல். பாஷம் 1965இல் இங்கே வந்து ஆசிய நாகரிகங்கள் துறைக்குத் தலைமையேற்ற காலம் உண்டு. சமஸ்கிருதமும் இந்தியும் இங்கே கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆயினும் தமிழாய்வு ஒன்றையே நாடி வருபவர் பெரும்பாலான வாரங்களில் வெறுங்கையோடு திரும்ப நேரும். மேலும், உரைச் சுருக்கங்கள் துறைக்குள் இருப்பவர்களுக்காக எழுதப்படுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தலைப்பு புரியவில்லை என்று ஒதுக்கிவிடாமல், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சான்று என்ற மூன்றை மட்டும் பார்த்து முடிவெடுங்கள். வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழி உரைக்காக நான் ஒருமுறை அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து காத்திருந்து, உரை ஒத்திவைக்கப்பட்டதை மறுநாள்தான் அறிந்தேன். அன்றிலிருந்து எந்த நிகழ்வானாலும் அன்று காலையில் அறிவிப்பை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்வுகள் என்றென்றும் நடக்கும் என்று எண்ணிவிட முடியாது. 2016இல் இந்தப் புலத்தில் பணியிடங்களைக் குறைக்க முடிவானபோது மாணவர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். 2024 அக்டோபரில் பல்கலைக்கழகம் முழுவதற்குமாக 25 கோடி டாலர் சிக்கனம் அறிவிக்கப்பட்டது. டெட்டும், டோக் பிசின், மங்கோலியம், திபெத்தியம், பர்மியம் என்று மாணவர் எண்ணிக்கை குறைவான மொழிகளைக் கற்பித்துவந்த இடம் இது. தலைக்கணக்குப் பார்த்தால் இவற்றில் எதுவும் தேறாது. அரங்கில் காலியாக இருக்கும் ஒவ்வொரு நாற்காலியும் அந்தக் கணக்கில் எதிர்ப்பக்கம் சேர்கிறது என்ற கவலை எனக்கு உண்டு. அதனால்தான் நண்பர்களை வற்புறுத்தியாவது அழைத்துப்போகிறேன்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு, இணையவழியிலும் நடக்கும் உரைகளே வாய்ப்பு. பருவ நாட்கள் பிப்ரவரி இறுதி முதல் மே வரையும், ஜூலை இறுதி முதல் அக்டோபர் வரையும் என்பதால் அந்த மாதங்களில்தான் அறிவிப்புகள் மிகுதி. கான்பெராவில் பிற்பகல் மூன்று மணி என்றால் சென்னையிலும் கொழும்பிலும் காலை பத்தரை. அக்டோபர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அதே உரை உங்களுக்குக் காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிடும்.