மெட்ஸ் சீசன் டிக்கெட் 2023: மைதானத்துக்கு முழு மார்க், அணிக்குப் போட மனசு வரவில்லை

நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் சீசன் டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று 2023 நவம்பரில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கேட்டார்கள். அப்போது எழுதியது இது. 2023 சீசனுக்கு நான் எடுத்திருந்தேன். சொந்த மைதானத்தில் நடக்கும் 81 ஆட்டங்களுக்கும் எடுக்க நேரமும் இல்லை, வசதியும் இல்லை. அதில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்துத் தரும் சின்னத் தொகுப்புதான் என்னுடையது. அதை வைத்துச் சொல்கிறேன். சிட்டி ஃபீல்ட் மைதானத்துக்கு ஐந்துக்கு ஐந்து. டிவி வர்ணனைக்கும் ஐந்துக்கு ஐந்து. அணிக்கு இரண்டு. அதிலும் பெரும்பங்கு கோடாய் செங்கா என்ற ஒரே பிட்சருக்காக (பந்து வீசுபவர்) போட்டது.

75 வெற்றி, 87 தோல்வி. நேஷனல் லீக் கிழக்குப் பிரிவில் நான்காவது இடம். சம்பளக் கணக்கோ சுமார் 35 கோடி டாலர். அதுவரை எந்த பேஸ்பால் அணியும் அவ்வளவு கொடுத்ததில்லை. வரம்பு மீறிச் செலவழித்ததற்கு லீக் போடும் வரி மட்டுமே பத்துக் கோடி டாலரைத் தொட்டது.

இவ்வளவு நம்பி ஏன் டிக்கெட் எடுத்தாய் என்று கேட்டால், 2022-தான் காரணம். அந்த வருஷம் மெட்ஸ் 101 ஆட்டம் ஜெயித்தது. அட்லாண்டா பிரேவ்ஸும் அதே 101. நேருக்கு நேர் மோதியதில் அவர்கள் முன்னே இருந்ததால் பிரிவுப் பட்டம் அங்கே போனது. அடுத்து பிளேஆஃபின் முதல் படியான வைல்ட் கார்ட் சுற்றில் சான் டியாகோ அணியிடம் நம் மைதானத்திலேயே தோற்றோம். வலித்தது, ஆனால் இன்னும் ஒரு படிதான் பாக்கி என்று தோன்றியது. 1986-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ரசிகர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் தாராளமாகச் செலவழித்தார். பிராண்டன் நிம்மோவுக்கு எட்டு வருஷத்துக்கு 16.2 கோடி டாலர், எட்வின் டியாஸுக்கு ஐந்து வருஷத்துக்கு 10.2 கோடி, ஜப்பானிலிருந்து வந்த செங்காவுக்கு ஐந்து வருஷத்துக்கு 7.5 கோடி. ஜேக்கப் டிகிராம் டெக்சாஸுக்குப் போய்விட, அவர் இடத்துக்கு ஜஸ்டின் வெர்லாண்டர் வந்தார். அவருக்கும் ஏற்கெனவே இருந்த மேக்ஸ் ஷெர்சருக்கும் வருஷத்துக்குத் தலா 4.3 கோடிக்கு மேல்.

காசைக் கொட்டினால் கோப்பை வருமா என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிம்மோவுக்கும் செங்காவுக்கும் கொடுத்தது நல்ல செலவு. பிரான்சிஸ்கோ லிண்டோர் முழங்கைக் கோளாறோடு விளையாடியே 31 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 31 பேஸ் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அவர் சம்பளத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. தப்பு நடந்தது வேறு இடத்தில். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்களில் முதல் இரண்டு இடத்தையும் நாற்பதை ஒட்டிய இருவரிடம் கொடுத்தார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் முழுவதையும் ஒரே டியாஸிடம் கொடுத்தார்கள். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார் என்ற கேள்விக்கு அணியிடம் பதிலே இல்லை.

அந்தக் கேள்வி சீசன் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. மார்ச் 15 அன்று மயாமியில், நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் ஆட்டம். புவேர்ட்டோ ரிக்கோவுக்காக டொமினிக்கன் குடியரசை ஜெயித்து முடித்த டியாஸ், சக வீரர்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தபோது முழங்கால் தசைநார் அறுந்தது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க அவர் ஒரு பந்து கூடப் போடவில்லை. டியாஸ் எங்கள் க்ளோசர். பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சொன்னால், க்ளோசர் என்பவர் கிரிக்கெட்டில் கடைசி ஓவரை நம்பிக் கொடுக்கிற பந்துவீச்சாளர் மாதிரி. 2022-ல் டியாஸ் 62 இன்னிங்ஸில் 118 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) செய்தவர். ஒன்பதாவது இன்னிங்ஸில், மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென் கதவு திறந்ததும் டிரம்பெட் இசை கிளம்பும். மேல்தளத்தில் இருக்கிற குழந்தைகள் வரைக்கும் எழுந்து நின்று கையாலேயே டிரம்பெட் வாசிப்பார்கள். எதிரணி பேட்டர் பாதி தோற்றுப்போய்த்தான் களத்துக்கு வருவார். 2023-ல் அதே ஒன்பதாவது இன்னிங்ஸில் கையில் முன்னிலை இருந்தாலும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. டேவிட் ராபர்ட்சன் அந்த வேலையை நன்றாகவே செய்தார். ஆனால் எட்டாவது இன்னிங்ஸுக்கு என்று வைத்திருந்தவர் ஒன்பதாவதுக்குப் போனபின் எட்டாவது காலியாகிவிட்டது.

வெர்லாண்டர் தோள் பக்கத் தசைக் காயத்தோடு தொடங்கி மே மாதம்தான் வந்தார். ஷெர்சர் ஏப்ரலில் கையில் பிசுபிசுப்பு இருந்தது என்று பத்து ஆட்டம் தடையில் உட்கார்ந்தார். இன்னொரு பிட்சர் ஹோசே கின்டானா ஜூலை பாதிக்கு மேல்தான் களம் இறங்கினார்.

அப்புறம் ஜூன். அந்த மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 7 வெற்றி, 19 தோல்வி. அட்லாண்டாவில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் குறைந்தது மூன்று ரன் முன்னே இருந்தோம், மூன்றையும் தோற்றோம். கடைசி ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போய் ஓசி ஆல்பீஸ் அடித்த ஹோம் ரனில் 13-10 என்று முடிந்தது. அதற்கு முந்தைய நாள்தான் எங்கள் பேட்டர் பீட் அலோன்சோவின் மணிக்கட்டில் பந்து பட்டது. நான் அந்த மூன்றையும் வீட்டில் டிவியில் பார்த்தேன். முன்னிலை மூன்று ரன்னாக ஆனதும் "அப்பா, இன்னும் ரெண்டு ரன் அடிக்கச் சொல்லுங்க" என்றாள் மகள். பத்து வயதுப் பெண்ணுக்கே தன் அணியின் புல்பென் பிட்சர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றால், சீசன் எங்கே போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஜூலை கடைசியில் வீரர்களை மற்ற அணிகளுக்குக் கைமாற்றும் வேலை தொடங்கியது. ராபர்ட்சன் மயாமிக்கு. ஷெர்சர் டெக்சாஸுக்கு. டாமி ஃபாம் அரிசோனாவுக்கு. வெர்லாண்டர் ஹூஸ்டனுக்கு. 2025, 2026-ஐக் குறிவைத்துத்தான் இனி அணியைக் கட்டப்போகிறோம் என்று நிர்வாகம் தன்னிடம் சொன்னதாக ஷெர்சரே வெளியே சொன்னார். இவர்களின் மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியை கோஹன் தானே கட்டி, பதிலுக்கு லூயிஸ்ஏஞ்சல் அகுன்யா, ட்ரூ கில்பர்ட், ரையன் கிளிஃபர்ட் போன்ற இளைஞர்களை வாங்கினார். கணக்குப் பார்த்தால் சரியான முடிவு. கையில் ஆகஸ்ட், செப்டம்பர் டிக்கெட்டுகளை வைத்திருந்தவனுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தரவில்லை. நான் பணம் கட்டியது 2023-க்கு. அந்த 2023-ஐ ஆகஸ்ட் முதல் தேதியோடு மூடிவிட்டார்கள். அதன்பின் டிக்கெட்டைக் கைமாற்றி விடலாம் என்று பார்த்தால், போட்ட காசில் பாதிக்குக் கூட யாரும் கேட்கவில்லை.

சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை, வேண்டாம் என்று நினைத்தும் பார்த்தேன். ஒரு பக்கம் டெக்சாஸுக்காக ஷெர்சர், இன்னொரு பக்கம் அரிசோனாவுக்காக ஃபாம். இரண்டாவது ஆட்டத்தில் ஃபாம் நாலு முறை பேட் பிடித்து நாலிலும் ஹிட் அடித்தார். கோப்பை டெக்சாஸுக்குப் போனது, ஷெர்சர் கையில் இன்னொரு சாம்பியன் மோதிரம். இதில் என்னை உறுத்துவது அரிசோனாதான். சீசனில் அவர்கள் ஜெயித்தது வெறும் 84. நம்மைவிட ஒன்பதே ஒன்பது ஆட்டம் அதிகம். ஜூன் மாதத்தில் பாதி ஒழுங்காக ஆடியிருந்தால் போதும்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். செங்கா பந்து போடும் நாளில் மைதானத்தில் இருப்பது தனி அனுபவம். அவருடைய ஃபோர்க்பாலை 'கோஸ்ட் ஃபோர்க்' என்கிறார்கள். பேட்டர் கண்ணுக்கு அது இடுப்பு உயரத்தில் வரும் வேகப்பந்து போலத்தான் தெரியும். பேட்டர் நிற்கும் தட்டை நெருங்கும்போது திடீரென்று கீழே விழுந்து காணாமல் போகும். பேட் காற்றைத்தான் வெட்டும். மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு முன் கூட்டம் தானாக எழுந்துவிடும். 202 ஸ்ட்ரைக் அவுட். மெட்ஸ் வரலாற்றில் அறிமுக ஆண்டில் 200-ஐத் தாண்டியவர் அவருக்கு முன்னால் டுவைட் கூடன் ஒருவர்தான், அது 1984-ல். 21 வயது கேட்சர் பிரான்சிஸ்கோ ஆல்வரெஸ் 25 ஹோம் ரன் அடித்தார். அலோன்சோ மணிக்கட்டு அடிபட்டும் 46. மெட்ஸ் ஹோம் ரன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நடுமைதானச் சுவருக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரிய சிவப்பு ஆப்பிள் எழும்பி வரும்போது தோல்விக் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

மைதானத்தைப் பற்றிக் குறையே இல்லை. 7-ஆம் எண் ரயிலில் மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயின்டில் இறங்கினால் எதிரே வாசல். உள்ளே நுழைந்ததும் ஜாக்கி ராபின்சன் பெயரில் உள்ள வட்ட மண்டபம். 2023-ல் வைத்த பெரிய திரை மேல்தளத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது மூன்றாம் பேஸ் பக்க மேல்தளம். மதிய ஆட்டங்களில் நிழல் அங்கேதான் சீக்கிரம் விழும், எதிரே முதல் பேஸ் பக்கம் மெட்ஸ் வீரர்கள் உட்கார்ந்திருப்பதும் நேராகத் தெரியும். லகார்டியா விமான நிலையத்துக்குப் போகிற விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டே இருக்கும், பழகிவிடும். பந்து போட நேரம் குறிக்கும் பிட்ச் கிளாக் 2023-ல் வந்தது பெரிய உபகாரம். அந்த சீசனில் பேஸில் ஆள் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 நொடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டியிருந்தது. லீக் முழுக்க ஆட்டம் சராசரியாக 20 நிமிஷத்துக்கு மேல் குறைந்தது. பள்ளி இருக்கிற நாளிலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முழு ஆட்டமும் பார்த்துவிட்டு வர முடிகிறது.

போக முடியாத நாளில் எஸ்என்ஒய் சேனல் போதும். வர்ணனையாளர்கள் கேரி கோஹன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங். கடைசி இருவரும் 1986 அணியில் ஆடியவர்கள். அணி மோசமாக ஆடினால் மோசம் என்றே சொல்வார்கள், பூசி மெழுக மாட்டார்கள். இந்த சீசனைக் கடைசிவரை நான் பார்த்ததற்கு அவர்கள் மூவரும் ஒரு காரணம்.

மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்) பக் ஷோவால்டரை அனுப்பிவிட்டார்கள், ஜெனரல் மேனேஜர் பில்லி எப்லரும் விலகிவிட்டார். பக் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. ஆட்களே இல்லாத புல்பென்னை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நிர்வாகத்தில் மேலே டேவிட் ஸ்டெர்ன்ஸ், களத்தில் மேனேஜராக கார்லோஸ் மென்டோசா வந்தார்கள். மில்வாக்கி அணியில் இருந்தபோது குறைந்த பணத்தில் நல்ல பிட்சர்களைக் கண்டெடுத்தவர் ஸ்டெர்ன்ஸ். நமக்குத் தேவையானதும் அதேதான்.

புதிதாக எடுப்பவர்களுக்கு என் யோசனை: முழு சீசன் வேண்டாம், இருப்பதிலேயே சின்னத் தொகுப்பை எடுங்கள். ஏப்ரல் குளிரும், மேல்தளத்தில் காற்று எலும்பில் இறங்கும், அதனால் மே முதல் ஜூலை வரை அதிகம் இருக்கிற தொகுப்பாகப் பாருங்கள். செங்கா போடும் நாளுக்கு மட்டும் தனியாக வாங்கினாலும் காசு வீணாகாது. நானும் 2024-க்குப் புதுப்பித்தேன், அதன் தொடக்க ஆட்டமே மில்வாக்கியோடுதான். ஒன்றை மட்டும் நிர்வாகத்துக்குச் சொல்லிவைத்தேன். அலோன்சோவின் அப்போதைய ஒப்பந்தம் 2024 சீசனோடு முடிவதாக இருந்தது. என் மகள் போட்டிருந்தது அவருடைய 20-ஆம் எண் சட்டை. அவரை விட்டுவிட்டால் அதற்கடுத்த வருஷம் நாங்கள் டிவியோடு நிறுத்திக்கொள்வோம் என்று.