கேபிளும் கார்டு ரீடரும்: பத்து வருடப் பழக்கம்

2014இல் 18 மெகாபிக்சல் கேமரா ஒன்று வாங்கினேன். படங்களைக் கணினியில் ஏற்ற ஒரு கேபிளையும் கையோடு வாங்கிக்கொண்டேன். முதல் மூன்று வருடங்கள் அதைத் தவிர வேறு எதையும் நாடவில்லை. மெமரி கார்டை வெளியே எடுத்தால் படங்கள் போய்விடும் என்று ஒரு பயம். தபால்தலை அளவுக்கு இருந்த அந்தக் கார்டைக் காட்டியபோது, "கூந்தன்குளத்துப் பறவையெல்லாம் இதற்குள்ளேயா இருக்கிறது?" என்று ஆச்சி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டியிருக்கும். பார்த்துக்கொண்டு விரல் சும்மா இருக்காது. ஒரு காலைப்பொழுதுக்கு 500 படங்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் ஒன்று ஏறக்குறைய 25 எம்பி என்றால் 12 ஜிபிக்கு மேல் வந்துவிடும். கேபிளில் அது ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கேமரா விழித்திருக்க வேண்டும். கேபிளில் கோத்தால் என் கேமரா பென் டிரைவ் போலத் தன்னைத் திறந்து காட்டுவதில்லை. கணினி கேட்கக் கேட்க ஒவ்வொரு படமாக எடுத்துக் கொடுக்கிறது. குளக்கரையில் பாதி தீர்ந்த பேட்டரி, முந்நூறாவது படத்தில் கண்ணை மூடிக்கொண்ட நாட்கள் உண்டு.

கேபிளைக் கைவிட்டதற்குக் காரணம் வேகம் அல்ல, என் மகன். அறையின் குறுக்கே ஓடியவன் கேபிளில் கால் தடுக்கினான். கேமரா மேசையிலிருந்து சரிந்து, நல்லவேளையாகத் தலையணை மேல் விழுந்தது. லென்ஸ் தப்பியது, கேபிள் செருகும் வாய் மட்டும் தளர்ந்துவிட்டது. பழுது பார்ப்பவர் உள்ளிருக்கும் போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் கார்டு ரீடர்: கார்டை வெளியே எடுத்துச் செருகினால் கணினிக்குப் படித்துக் காட்டும் சிறு கருவி. முதலாவது 120 ரூபாய். அந்த விலைக்கு அது என்ன செய்யுமோ அதைச் செய்தது. கார்டு உள்ளே ஆடும், தொடர்பு விட்டுவிட்டு வரும், கொஞ்ச நேரத்தில் சூடாகும். என் புத்தியும் அன்று சரியில்லை: படங்களை நகலெடுக்காமல், கார்டிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்கால மாலையில் பாதி வேலையில் மின்சாரம் போனது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி. மின்சாரம் திரும்பியபோது நாற்பது படங்கள் கார்டிலும் இல்லை. கணினியில் வெறும் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் தடுத்தார். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். 31 படங்கள் மீண்டன, பழைய பெயர்கள் இல்லாமல். மீளாத ஒன்பதில் ஒரு பூநாரைக் கூட்டம் இருந்தது. அன்றிலிருந்து நகல் மட்டும்தான். சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே, கேமராவில் வைத்துக் கார்டை ஃபார்மட் செய்து காலியாக்குகிறேன்.

இரண்டாவது ரீடர் யுஎஸ்பி 3.0, 850 ரூபாய், 2018இல் வாங்கியது. இன்றும் அதுதான். முதல் நாள் பழைய வேகத்திலேயே ஏறியதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டினேன். தவறு என்னுடையது; வேகம் குறைந்த பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருந்தேன். உள்நாக்கு நீல நிறத்தில் இருந்த துளைக்கு மாற்றியதும் அதே 12 ஜிபி மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. இதைவிட விலை கூடிய ரீடர் எனக்கு வீண்: நான் வைத்திருக்கும் கார்டுகளின் யுஎச்எஸ்-1 என்ற வேகத் தரத்துக்கு நொடிக்கு 104 எம்பிதான் உச்சவரம்பு.

ரீடரிலும் குறை உண்டு. கார்டைச் செருகி எடுத்துச் செருகி எடுத்து, ஒன்றின் பின்புறத் தகடுகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் வரம்பு உடைந்தது. இன்னொன்றில், படம் பதியாமல் தடுக்கும் பக்கவாட்டுப் பூட்டு தானாகவே கீழே சரிந்து, பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா அடம் பிடித்தது. ஒட்டுநாடா போட்டுச் சமாளித்தேன். எல்லாவற்றையும்விட மோசம் என் மறதி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, குளக்கரையில் இறங்கி, பட்டைத்தலை வாத்துக் கூட்டத்துக்குக் குறிவைத்தால் கேமராவில் கார்டு இல்லை. அது வீட்டு மேசையில், ரீடரிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. கேபிள் காலத்தில் இந்தக் கூத்து நடந்ததில்லை. இப்போது கேமராப் பையில் உபரிக் கார்டு ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது.

படங்களுக்குக் கேமரா பெயராக இடும் எண் 9999ஐத் தாண்டினால் மறுபடி 0001 என்று தொடங்கும். ஒரே கோப்புறையில் கொட்டினால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். தேதி போட்ட கோப்புறைதான் வழி.

கேபிளை நான் தூக்கி எறியவில்லை. சன்னலுக்கு வெளியே செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டும்போது கேமராவை முக்காலியில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து கணினியிலிருந்தே படம் எடுக்க அது வேண்டும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. செடி நாலு மீட்டரில் இருக்கிறது. தளர்ந்த வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறேன்.