வெள்ளவத்தையில் ஓர் அணிநல வகுப்பு: ஆசிரியருக்கு முழுப் புள்ளி, கைநூலுக்குக் குறைவு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இயங்கும் தனியார் கல்வி நிலையம், இயற்கைக் கவிதைகளில் அணிகளை இனங்காணப் பயிற்றும் வார இறுதி வகுப்பொன்றை நடத்துகிறது. உயர்தர மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டதாயினும், என்னைப் போலப் பரீட்சைக் கவலை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வகுப்பின் பலம் ஆசிரியரே. அணியின் பெயரை முதலிற் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுத் தேடும் வழக்கம் அவரிடம் இல்லை; பாடலில் இயற்கை என்ன செய்கிறது, அதன்மேல் புலவர் எதை ஏற்றிச் சொல்கிறார் என இரண்டையும் பிரித்து எழுதவைத்த பின்னரே பெயரிட அனுமதிக்கிறார். ‘அலை கரையில் வந்து விழுகிறது’ என்பது கண்ட காட்சி. ‘செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு அலை கரையின் காலில் விழுகிறது’ என்றால், இயல்பாக நிகழ்வதற்குப் புலவர் தாமாக ஒரு காரணத்தைக் கற்பிப்பதால் அது தற்குறிப்பேற்றம். அஃறிணைப் பொருள் ஆள்போல் நடந்துகொண்டாலே தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடும் மாணவர் பழக்கம் இந்தப் பயிற்சியால் பெருமளவு தளர்கிறது.

கம்பராமாயண நாட்டுப்படலத்தின் ‘தண்டலை மயில்கள் ஆட’ என்னும் பாடலுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினார், அது வீண்போகவில்லை. மயில் ஆட, தாமரை விளக்கேந்த, குவளை விழித்து நோக்க, தெள்ளிய அலை திரைச்சீலையாக, நடுவே வயல்நிலமாகிய மருதம் கொலுவீற்றிருப்பதை எல்லோரும் கண்டுகொண்டனர். ஆனால் ‘கொண்டல்கள் முழவின் ஏங்க’, ‘மகர யாழின் வண்டுகள் இனிது பாட’ ஆகிய இடங்களில் ‘இன்’ உருபு ‘போல’ என்னும் ஒப்புப் பொருளில் நின்று உவமையாவதை, அவர் பலகையில் அடியடியாக எழுதிக் கோடிட்ட பிறகே பலர் கவனித்தனர்.

நிலையம் அச்சிட்டு விற்கும் கைநூலோ இதற்கு நேர்மாறான வழியிற் செல்கிறது. போல, அன்ன, ஒப்ப என்று உருபுகளை நிரற்படுத்தி, அவை வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று கூறி முடித்துவிடுகிறது. உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை என்று ஒன்று உண்டென்பதைத் தொகுத்தவர் மறந்தார் போலும்.

எனது பெரிய மனக்குறை, இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமத்தை இறுதி வகுப்பின் கடைசிப் பகுதிக்குள் திணித்தமை. குறுந்தொகையின் 8ஆம் பாடலில், பிறர் கைகால் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடி உருவமான ‘ஆடிப் பாவை போல’த் தலைவன் தன் மனைவிக்கு அடங்கி நடக்கிறான் என்று பரத்தை ஏளனம் செய்வது வெளிப்படையான உவமை. அதே பாடலின் தொடக்கத்தில், வயலருகே நிற்கும் மாமரத்திலிருந்து தானாக உதிரும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. தலைவனை நான் வலிந்து இழுக்கவில்லை, அவனே வந்து வாய்த்தான் என்ற அவளது பேச்சு முழுவதும் அந்த மீனுக்குள் இருக்கிறது. உருபு எதுவும் இல்லை. கைநூலின்படி இப்பாடலில் அணி ஒன்றே. திணையும் (நிலமும் அதற்குரிய ஒழுக்கமும்) கூற்றும் (பேசுபவர் யார் என்பதும்) அறியாமல் இதனை விளங்கிக்கொள்ள இயலாது என்பதால், இதற்குத் தனி வகுப்பொன்றேனும் வேண்டும்.

அறை சிறியது, கரையோர ரயில் கடக்கும்போது பாடல் வாசிப்பு நின்றுவிடும். இருந்தும் ஆசிரியருக்காகச் சேரலாம். கைநூலுக்குத் தனிக் கட்டணம் அறவிடுகிறார்கள், ஆனால் அது கட்டாயமில்லை. அந்தப் பணத்தில் உரையுடன் கூடிய குறுந்தொகைப் பதிப்பொன்றை வாங்கிக் கையோடு கொண்டுசெல்வது மேல்.